ஈரக் கரண்டி போடாதே: சோடியம் ஹைட்ரைடோடு முதல் நாள்

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் அப்பத்தா கையில் அடி விழும். மாங்காய்க்கு மேலே ஒரு விரல் உயரம் நல்லெண்ணெய் நிற்க வேண்டும், கரண்டியைத் துணியால் துடைத்து வெயிலில் காட்டிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும், எடுத்ததும் மூடி போட்டு வேடு கட்டிவிட வேண்டும். காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சோடியம் ஹைட்ரைடை முதல்முறை எடுக்கப்போகும் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருவதில் பாதி இதுதான். அதுவும் எண்ணெய்க்குள்தான் கிடக்கிறது, அதற்கும் ஈரம் ஆகாது. ஊறுகாயில் பூஞ்சை பிடிக்கும், இதில் தீப்பிடிக்கும்.

யாருக்கு எழுதுகிறேன் என்றால், கல்லூரி ஆய்வகத்தில், பக்கத்தில் பழகிய ஒருவர் நிற்க, ஃபியூம் ஹுட் என்ற புகை உறிஞ்சும் கூண்டுக்குள் சில நூறு மில்லிகிராம் அளவில் வேலை செய்யப் போகிறவர்களுக்கு. கிராம் கணக்கு பத்தைத் தாண்டினால் இந்தக் குறிப்பு போதாது, வழிகாட்டியிடம் போய் உட்காருங்கள்.

முதலில் இது என்ன பொருள்

ஹைட்ரஜன் என்றாலே பிளஸ் என்று பள்ளியிலிருந்து பழகிவிட்டோம். இதில் தலைகீழ். சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட, ஹைட்ரஜன் அதை வாங்கிக்கொண்டு மைனஸ் அயனியாக உட்கார்ந்திருக்கிறது. இதை வெறும் நம்பிக்கையாக விடாமல் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்: 1920-இல் மோயர்ஸ் என்பவர் இதன் அண்ணனான லித்தியம் ஹைட்ரைடை உருக்கி மின்சாரம் பாய்ச்சினார், ஹைட்ரஜன் பாசிட்டிவ் மின்வாயில் வந்தது. தண்ணீரை மின்பகுப்பு செய்து ஹைட்ரஜனை எப்போதும் நெகட்டிவ் பக்கமே பிடித்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் தலை சுற்றும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், இருக்கிற ஊர்க்காரர்கள் நாம்; இந்த ஒரு சோதனையாவது நமக்கு மனதில் நிற்க வேண்டும்.

செய்முறை எளிது. உருகிய சோடியத்தோடு 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஹைட்ரஜன் வாயு சேர்ந்தால் கிடைப்பது இது. படிக அமைப்பு அப்படியே சாப்பாட்டு உப்பு மாதிரி, குளோரைடு இருக்கிற இடத்தில் ஹைட்ரைடு. எனக்குப் பிடித்த விஷயம் அடர்த்தி. சோடியம் 0.97, தண்ணீரில் மிதக்கும். அதற்குள் ஹைட்ரஜனைப் புகுத்தினால் உப்பிப் பெரிதாகும் என்றுதானே நினைப்போம், இல்லை, சுமார் 1.4-க்கு ஏறிவிடும், உலோகத்தில் இருந்ததைவிட சோடியங்கள் நெருங்கி உட்கார்ந்துவிடுகின்றன. சூடாக்கினால் உருகுவதற்கு முன்பே, 400 டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மறுபடி சோடியமாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்துவிடும். தூய்மையானது வெள்ளை, நம் கைக்கு வருவது சாம்பல்.

இன்னொன்று, இதுதான் வேலைக்கு முக்கியம்: எந்தக் கரிமக் கரைப்பானிலும் இது கரையாது. டிஎச்எஃப்பில், அதாவது டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில், போட்டால் கலங்கி நிற்கும், அவ்வளவுதான். ஆகவே வினை எல்லாம் துகளின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. துகள் பொடியாக இருந்தால் வேகம், கட்டியாக இருந்தால் மந்தம், மேலே தோல் படிந்துவிட்டால் உள்ளே இருப்பது உயிரோடு தூங்கிக்கொண்டிருக்கும். இந்தத் தூக்கம்தான் பின்னால் ஆளைக் கொல்லும்.

தண்ணீர் பட்டால் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும். நம் பக்கத்து வீடுகளின் சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்புக் கல்லை நீற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சுட்ட கல்லில் தண்ணீரை ஊற்றியதும் கொதித்துப் புகைந்து வெடித்துப் பிளக்கும். அந்தச் சூடு ஒரு கிராமுக்குச் சுமார் 1.2 கிலோஜூல். சோடியம் ஹைட்ரைடில் ஒரு கிராமுக்குச் சுமார் 3.5 கிலோஜூல், அதாவது மூன்று மடங்கு. சுண்ணாம்பில் ஆவிதான் வரும்; இதில் வருவது ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளக் கூடியது. சூட்டையும் எரிவாயுவையும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் கொடுக்கிற பொருள் என்று புரிந்துகொண்டால் மீதி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இது எதற்கு நமக்கு என்றால், காரமாகப் பயன்படுத்த. ஆல்கஹாலின் ஓஎச், இண்டோல், கார்பசோல் போன்றவற்றின் என்எச், மலோனேட்டின் நடுக் கார்பன், இவற்றிலிருந்து புரோட்டானைப் பிடுங்கும். பிடுங்கியதும் அது ஹைட்ரஜன் வாயுவாகி ஓடிவிடுவதால் வினை திரும்பி வராது, கழிவும் மிச்சமில்லை. பெயரில் ஹைட்ரைடு இருப்பதால் போரோஹைட்ரைடு மாதிரி கீட்டோனை ஆல்கஹாலாக ஒடுக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள், சாதாரணமாக அப்படிச் செய்யாது. 2009-இல் இதற்கும் எதிராக, சோடியம் ஹைட்ரைடு ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்று அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்க ஆளாளுக்குச் செய்து பார்த்தார்கள், உள்ளே கசிந்த காற்றின் வேலைதான் அது என்று பலரும் சந்தேகப்பட்டார்கள், கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நைட்ரஜன் பலூன் ஒழுங்காகக் கட்டுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது நான் இந்தக் கதையையும் சொல்வதுண்டு.

40 என்ற எண்

டப்பாவில் 60 சதவீதம் என்று எழுதியிருக்கும். 60 பங்கு ஹைட்ரைடு, 40 பங்கு மினரல் ஆயில். மூலக்கூறு எடை 24, அதை 0.6-ஆல் வகுத்தால் 40. ஆகவே ஒரு மில்லிமோல் வேண்டுமென்றால் டப்பாவிலிருந்து 40 மில்லிகிராம். இவ்வளவுதான் கணக்கு. 5 மில்லிமோல் ஆல்கஹாலுக்கு 1.2 மடங்கு என்றால் 6 மில்லிமோல், 240 மில்லிகிராம். 24-ஐ வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு வினை பாதியில் நிற்கிறது என்று டிஎல்சியை, அதாவது வினை எவ்வளவு நடந்தது என்று காட்டும் மெல்லிய தகட்டை, வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள்.

கூடவே வாயுக் கணக்கையும் போட்டுவிடுங்கள். 5 மில்லிமோல் வினைபுரிந்தால் சுமார் 125 மில்லி ஹைட்ரஜன். 50 மில்லி பிளாஸ்கில் அது எங்கே போகும்? பப்ளர், அதாவது வாயு குமிழாக வெளியேறும் எண்ணெய்க் குப்பி, வழியாக வெளியே போக வழி இருக்க வேண்டும். மூடிய பிளாஸ்கில் செப்டம் என்ற ரப்பர் மூடி பறந்து ஹுட் கண்ணாடியில் அடித்த சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன்.

டப்பா பழையதா என்ற சந்தேகம் எப்போதும் வரும். நல்லது சாம்பல் நிற ஈரமாவு போல இருக்கும். வெள்ளையாக, கட்டி கட்டியாக, விளிம்பில் உப்புப் பூத்த மாதிரி இருந்தால் பாதி காஸ்டிக் சோடாவாகிவிட்டது என்று அர்த்தம். எஸ்டர் இருக்கிற மூலக்கூறில் அதைப் போட்டால் எஸ்டர் அறுபட்டுப் போகும், நீங்கள் ஹைட்ரைடைத் திட்டுவீர்கள். சோதிக்க வழி உண்டு: 100 மில்லிகிராம் எடுத்து, நைட்ரஜனில், உலர்ந்த டிஎச்எஃப்பில் கலக்கி, ஐசோபுரோப்பனாலைச் சொட்டு சொட்டாக விட்டு, வருகிற வாயுவைத் தண்ணீரில் கவிழ்த்த அளவுகுழாயில் பிடியுங்கள். நடுவில் ஒரு காலிக் குடுவையை வையுங்கள், தண்ணீர் பின்னோக்கி ஏறி வந்தால் அதில் தங்கட்டும். நல்ல சரக்கென்றால் நம்மூர் வெப்பத்தில் 60 மில்லிக்குக் கொஞ்சம் மேலே வரும். 40 வந்தால் அதற்கேற்பக் கணக்கை மாற்றலாம், 20 வந்தால் அழித்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.

எடுப்பது, நிறுப்பது

டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் வைக்கிறார்கள், ஆனால் ஐப்பசி அடைமழையில் குளிர்ந்த டப்பாவைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோக்கும். டெசிகேட்டர், அதாவது ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரம், போதும், அறை வெப்பத்தில்.

ஸ்பாட்டுலா, பிளாஸ்க், கலக்கும் மேக்னட் எல்லாம் முந்தின இரவே அவன் என்ற உலர்த்தும் அடுப்பில். காட்டன் கோட், கண்ணாடி, நைட்ரைல் கையுறை. எண்ணெயில் ஊறியது என்பதால் காற்றில் சில நொடி நிறுத்துக்கொள்ளலாம், தீப்பிடித்துவிடாது. தராசுக்கு முன்னால் நின்று பேச்சுக் கொடுக்கிறவர்களை மட்டும் விரட்டிவிடுங்கள். நிறுக்கும் பேப்பரைவிட சின்னக் கண்ணாடிக் குப்பி நல்லது, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். எண்ணெய் இல்லாத, 95 சதவீத உலர்ந்த பொடியை வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். ஈரக்காற்றில் தானாகவே பற்றக் கூடியது அது. காற்றுப் புகாத குளவ் பாக்ஸ் பெட்டி இருக்கிறவர்கள் பாடு.

எண்ணெயைக் கழுவ வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்பது என் கட்சி. மினரல் ஆயில் எந்த வினையிலும் கலந்துகொள்ளாது, கடைசியில் விளைபொருளைப் பிரிக்கும் குரோமட்டோகிராபிக் குழாயில் ஹெக்சேனோடு முதலில் இறங்கி ஓடிவிடும். விளைபொருளும் எண்ணெய் மாதிரியே துருவம் இல்லாததாக இருந்தால்தான் தொல்லை, அப்போது கழுவுங்கள். நிறுத்த ஹைட்ரைடைப் பிளாஸ்கில் போட்டு, நைட்ரஜனை ஓடவிட்டு, ஒவ்வொரு கிராமுக்கும் பத்து மில்லி அளவில் உலர்ந்த ஹெக்சேனை விட்டு, மெல்லச் சுழற்றி, படிய விடுங்கள். இட்லி அரிசி களைகிற மாதிரிதான், மேலே தெளிந்ததைச் சிரிஞ்சால் இழுத்துவிட வேண்டும். அடியில் ஊசியைத் தொடாதீர்கள். இரண்டு மூன்று முறை. கடைசிக் கழுவலுக்குப் பின் முழுக்க உலர விடாமல் உடனே டிஎச்எஃப்பை ஊற்றிவிடுங்கள். பென்டேன் வேண்டாம், அதன் கொதிநிலை 36 டிகிரி, கத்திரி வெயிலில் ஏசி இல்லாத நம் ஆய்வகத்தில் பாட்டிலைத் திறந்ததும் அதுவே கொதிக்கும். ஹெக்சேனுக்கு 69, பிழைத்தோம்.

இழுத்த ஹெக்சேனில் கண்ணுக்குத் தெரியாத ஹைட்ரைடு துகள் இருக்கும். அதை நேராகக் கழிவுப் பாட்டிலில் ஊற்றுவது, அதுவும் முந்தின ஆள் ஈர அசிட்டோனை ஊற்றி வைத்த பாட்டிலில், பெரிய முட்டாள்தனம். தனி பீக்கரில் ஐசோபுரோப்பனால் வைத்துக்கொண்டு அதில் விடுங்கள்.

வினை

பிளாஸ்கில் ஹைட்ரைடும் டிஎச்எஃப்பும், 0 டிகிரி. ஆல்கஹாலை டிஎச்எஃப்பில் கரைத்துச் சொட்டு சொட்டாக விடுங்கள். பப்ளரைப் பாருங்கள், அதுதான் உங்கள் ஸ்பீடோமீட்டர். குமிழ் வேகம் கூடினால் சொட்டை நிறுத்துங்கள், குறைந்ததும் தொடருங்கள். முழுவதும் விட்ட பிறகும் குமிழ் நிற்கும்வரை, சில நேரம் அரை மணி, சில நேரம் ஒரு மணி, காத்திருந்துவிட்டுத்தான் பென்சைல் புரோமைடோ எதுவோ சேர்க்க வேண்டும்.

சொட்டு விட்டும் குமிழே வரவில்லையா? அதுதான் பயப்பட வேண்டிய நேரம். இன்னும் கொஞ்சம் விடுவோம் என்று கை போகும், போகக் கூடாது. ஒன்று சரக்கு செத்திருக்கிறது, அல்லது அடியில் கட்டியாகப் படிந்து தூங்குகிறது. இரண்டாவது என்றால் எழுந்துகொள்ளும்போது நீங்கள் விட்டதெல்லாம் ஒரே நேரத்தில் பாயும். நம்மூரில் இதற்குக் கரண்ட் கட் என்று ஒரு துணைவன் உண்டு. ஸ்டிரர் நின்றுவிடும், ஹைட்ரைடு அடியில் இறங்கிவிடும், மேலே ஆல்கஹால் சொட்டிக்கொண்டே இருக்கும், பத்து நிமிடம் கழித்துக் கரண்ட் வந்ததும் மேக்னட் ஒரே உலுக்காக உலுக்கும். கரண்ட் போன நொடியில் சொட்டுப் புனலை மூடுங்கள், ஸ்டிரர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். வந்த பிறகு மெதுவாகத் திருகித் தொடங்கலாம்.

ரிஃப்ளக்ஸ், அதாவது கரைப்பானைக் கொதிக்கவிட்டு ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப இறக்குவது, என்றால் கண்டென்சரின் தண்ணீர்க் குழாயைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். விடிகாலையில் மேல்தொட்டிக்கு மோட்டார் போடும்போது அழுத்தம் ஏறிக் குழாய் பிடுங்கிக்கொண்டால், தண்ணீர் நேரே எதன் மேல் விழும் என்று யோசித்துப் பாருங்கள். ஐஸ் பாத்துக்கும் இதே பேச்சுதான்: வைப்பதற்கு முன் பிளாஸ்கை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கரைப்பான் தேர்வில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். டிஎச்எஃப்பில் நடக்கிற வினையை டிஎம்எஃப்புக்கு, அதாவது டைமெத்தில் ஃபார்மமைடுக்கு, கொண்டுபோகாதீர்கள். பழைய ஆய்வுக்கட்டுரைகளில் பாதிப் பேர் டிஎம்எஃப்தான் எழுதியிருப்பார்கள், வேகம் கூடும் என்பது உண்மையும்கூட. ஆனால் ஹைட்ரைடு டிஎம்எஃப்பையே மெல்ல உடைக்கிறது, டைமெத்தில் அமீன் கிளம்பும். பிளாஸ்கைத் திறந்ததும் கருவாட்டு வாடை அடித்தால் அதுதான், நீங்கள் சேர்த்த பென்சைல் புரோமைடு போன்ற ஹாலைடு அந்த அமீனோடு சேர்ந்து எதிர்பாராத பொருளாகியும் இருக்கும். அதைவிட மோசம், அளவு பெரிதானால் இந்தக் கலவை அறை வெப்பத்திலேயே தானாகச் சூடேறத் தொடங்கும் என்று கலோரிமீட்டரில் அளந்து எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ அறை வெப்பம் என்று எழுதினால் 20, 25. வைகாசியில் நம் அறை வெப்பம் 38. செய்முறையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எண்ணாக மாற்றிப் படியுங்கள், தண்ணீர்த் தொட்டியில் வைத்தாவது 25-க்கு இறக்குங்கள். டிஎம்எஃப் தவிர வேறு வழியில்லை என்றால் சின்ன அளவில், குளிரில், சூடாக்காமல், இரவு முழுக்க ஆளில்லாமல் விடாமல் செய்யுங்கள். டிஎம்எஸ்ஓ, அதாவது டைமெத்தில் சல்ஃபாக்சைடு, இதைவிடப் பொல்லாதது, 1960-களிலேயே வெடித்த விபத்துகள் பதிவாகியிருக்கின்றன. டைகுளோரோமெத்தேன், குளோரோஃபார்ம் பக்கம் போகவே கூடாது, அசிட்டோனும் அப்படியே.

இதன் அண்ணன் தம்பிகளைப் பற்றி ஒரு வரி. லித்தியம் ஹைட்ரைடு சாது, 690 டிகிரி வாக்கில் உடையாமல் உருகும், ஆனால் காரமாக மந்தம். பொட்டாசியம் ஹைட்ரைடு காரமாகப் படுவேகம், அதனாலேயே 30, 35 சதவீதமாக இன்னும் நிறைய எண்ணெயில் வரும். சோடியத்தில் கை பழகாமல் அதைத் தொடாதீர்கள்.

அணைப்பது

வினை முடிந்ததும் பசி நேரமாக இருக்கும், மிஞ்சிய ஹைட்ரைடின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று தோன்றும், போகக் கூடாது. பிளாஸ்கை மறுபடி 0 டிகிரிக்கு இறக்கி, நைட்ரஜன் ஓட, ஐசோபுரோப்பனாலைச் சொட்டு சொட்டாக விடுங்கள். மெத்தனால் வேகம் அதிகம், முதலில் அது வேண்டாம். குமிழ் நின்றதும் எத்தனால், அதுவும் நின்றதும் தண்ணீர் இரண்டு சொட்டு, காத்திருப்பு, இன்னும் இரண்டு சொட்டு. முழுவதும் ஸ்டிரர் நன்றாகச் சுற்ற வேண்டும். துகளின் மேல் ஆல்காக்சைடு தோல் படிந்து உள்ளே ஹைட்ரைடு உயிரோடு இருந்தால் குமிழ் நின்ற மாதிரி தெரியும். தண்ணீர் பட்டுத் தோல் கரைந்ததும் எழும். எஞ்சிய ஹைட்ரைடை வடிகட்டிப் பிரிக்கலாம் என்று புக்னர் வடிகட்டிப் புனலில் ஊற்றிக் காற்றை உறிஞ்சவிடாதீர்கள், அது நீங்களே அடுப்பை மூட்டி ஊதுவது மாதிரி. அணைத்த கழிவை அன்றே இறுக்கி மூடாமல் ஹுட்டுக்குள் ஓர் இரவு திறந்து வையுங்கள்.

தீப்பிடித்தால் தண்ணீர் கூடாது, கார்பன் டைஆக்சைடு சிலிண்டரும் கூடாது, ஹைட்ரைடு அதோடும் வினைபுரிந்து ஃபார்மேட்டாகும். உலோகத் தீக்கான டி வகைப் பொடி அல்லது உலர்ந்த மணல். உலர்ந்த என்பதை அழுத்திச் சொல்கிறேன். வராந்தாவில் சிவப்பு வாளியில் தொங்கும் மணலில் மழைச் சாரலும் டீக் கப்பும் விழுந்து கிடக்கும், அதை இதில் போட்டால் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த கதை. ஆற்று மணலை 120 டிகிரி அவனில் ஓர் இரவு காயவைத்து மூடிபோட்ட டின்னில் ஹுட் பக்கத்திலேயே வையுங்கள். தோலில் பட்டால் முதலில் உலர்ந்த துணியால் துடைத்து எடுத்துவிட்டு, அப்புறம் குழாயைத் திறந்து கால் மணி நேரம் விடாமல் கழுவுங்கள். கண்ணில் பட்டால் அதே கால் மணி, உடனே மருத்துவமனை.

இனி நிறுக்கும் பேப்பர். நான் முதல் வருடம் படிக்கும்போது 300 மில்லிகிராம் நிறுத்துவிட்டு, பேப்பரைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். சாம்பல் பூசிய எண்ணெய்க் கறைதானே என்று நினைத்தேன். ஐப்பசி மாதம், வெளியே மழை. மதியம் யாரோ மிச்ச டீயோடு பேப்பர் கப்பை அதே கூடையில் எறிந்தார்கள். சட்டென்று மஞ்சள் தீ, கூடையில் கிடந்த டிஷ்யூ எல்லாம் பற்றி மேஜை விளிம்பு கருகியது. மணல் டின் பக்கத்தில் இருந்ததால் அதோடு போயிற்று, பக்கத்து மேஜையில் இருந்த அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து ஹுட்டுக்குள் ஒரு பீக்கரில் ஐசோபுரோப்பனால் இருக்கும். குப்பி, ஸ்பாட்டுலா, ஊசி, சிரிஞ்ச், கையுறையில் பட்ட துடைப்புத் துணி, எல்லாம் முதலில் அதில் முங்கி, குமிழ் நின்று, பிறகு தண்ணீருக்குப் போகும். ஸ்பாட்டுலாவைக் கழுவித் துடைத்து மறுபடி அவனில் போட்டுவிட்டுப் போங்கள், நாளைக் காலையில் வருகிறவர் அதை ஈரத்தோடு எடுத்து டப்பாவுக்குள் விட்டுவிடப் போகிறார்.